பிரிந்த பிறகு குழந்தைக்கு மாதம் எவ்வளவு? நியாயமான தொகையைக் கணக்கிடுவது எப்படி?

மாதம் பிறந்து 5-ம் தேதி. வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: "இந்த மாசம் இன்னும் வரல." இரண்டே நிமிடத்தில் பதில் வருகிறது: "போன மாசம் அனுப்பினது என்னாச்சு? மொதல்ல அதுக்குக் கணக்கு சொல்லு." அதற்கு அப்புறம் பழைய கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். யார் வீட்டை விட்டுப் போனது, யாருடைய அம்மா என்ன சொன்னார் என்பது வரை. பக்கத்து அறையில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு, அம்மா போனில் டைப் செய்யும் வேகத்தை வைத்தே எதிர்ப்பக்கம் யார் என்று தெரிந்துவிடும்.

பிரிந்து வாழும் பல பெற்றோருக்கு இது பழகிப்போன காட்சி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மாதம் 10,000 ரூபாயோ 15,000 ரூபாயோ, அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் இருவருக்குமே சொல்லத் தெரியாது. குடும்பப் பஞ்சாயத்தில் ஒரு மாமா சொன்ன ரவுண்டு தொகையாக இருக்கும். இல்லை, "முப்பது கேட்டாத்தான் பதினஞ்சு கிடைக்கும்" என்று பேரம் பேசி முடிவானதாக இருக்கும். எப்படி வந்தது என்றே தெரியாத தொகை, கொடுப்பவருக்கு அபராதம் போலவும் வாங்குபவருக்குப் பிச்சை போலவும்தான் தோன்றும்.

சரி, நியாயமான தொகையை எங்கிருந்து தொடங்கிக் கணக்கிடுவது?

'25% விதி' என்று ஒன்று இருக்கிறதா?

"சம்பளத்துல 25% கொடுத்தா போதும், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு" என்று அடிக்கடி கேட்கலாம். 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படிக் குறிப்பிட்டது உண்மைதான். கணவரின் நிகர சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானதாக இருக்கும் என்று, 1970-ல் வந்த ஒரு பழைய தீர்ப்பை மேற்கோள் காட்டிச் சொன்னது. ஆனால் அது மனைவிக்கான ஜீவனாம்சம் பற்றிய கருத்து. குழந்தையின் செலவுக்கான விதியாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

குழந்தைப் பராமரிப்புக்கு இந்தியாவில் நிலையான ஃபார்முலா எதுவும் கிடையாது. பிரிட்டனில் இருக்கிறது. அங்கே பணம் செலுத்த வேண்டிய பெற்றோரின் மொத்த வாராந்திர வருமானத்தில் ஒரு குழந்தைக்கு 12%, இரண்டு குழந்தைகளுக்கு 16%, மூன்றுக்கு 19% என்பது அடிப்படை விகிதம். குழந்தை வருடத்தில் எத்தனை இரவு அவரிடம் தங்குகிறது என்பதைப் பொறுத்துக் கழிவும் உண்டு. 52 இரவுக்குக் குறைவு என்றால் கழிவே இல்லை. நம்ம ஊரில் கிட்டத்தட்ட எல்லாமே நீதிபதியின் கையில் இருக்கிறது. அல்லது, பிரிந்த இருவரும் உட்கார்ந்து பேசும் பொறுமையின் கையில்.

இந்த விஷயத்தில் இன்று அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுவது, 2020 நவம்பரில் வந்த 'ரஜ்னேஷ் எதிர் நேஹா' தீர்ப்பு. எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒற்றை ஃபார்முலா கிடையாது என்று சொன்ன அதே தீர்ப்புதான், குழந்தையின் செலவு என்றால் என்னென்ன என்பதையும் வரிசைப்படுத்தியது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், கல்வி எல்லாம் அதில் அடங்கும். டியூஷன், கூடுதல் பயிற்சி வகுப்புகளுக்கும் நியாயமான ஒரு தொகை சேர்க்கலாம், ஆடம்பரமாக இருக்கக்கூடாது. கல்விச் செலவைப் பொதுவாக அப்பா ஏற்க வேண்டும். அம்மா போதுமான அளவு சம்பாதிக்கிறார் என்றால் வருமான விகிதத்தில் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். மொத்தத் தீர்ப்பில் வேலைக்குப் போகும் தம்பதிகளுக்கு அதிகம் உதவக்கூடியது இந்தக் கடைசி வரிதான்.

முதலில் குழந்தையின் செலவு, பிறகு சம்பளம்

பேச்சுவார்த்தை பெரும்பாலும் "உன் சம்பளம் எவ்வளவு" என்பதில்தான் தொடங்குகிறது. உடனே பே-ஸ்லிப் சண்டை ஆரம்பித்துவிடும். "இந்தப் பிள்ளை வளர மாதம் எவ்வளவு ஆகிறது" என்று தொடங்கினால் சண்டைக்கான இடம் கொஞ்சமாவது குறையும். பால் விலையிலும் வேன் கட்டணத்திலும் யாரும் பெரிதாகப் பொய் சொல்ல முடியாது.

ஒரு உதாரணக் கணக்கு. சென்னை புறநகர், இரண்டாம் வகுப்பு படிக்கும் ஏழு வயதுப் பெண் குழந்தை, அம்மாவுடன் இருக்கிறாள். அம்மாவும் வேலைக்குப் போகிறார். தொகைகள் எல்லாம் கற்பனைதான். அவரவர் ஊருக்கும் பள்ளிக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

பள்ளிக் கட்டணம் வருடம் 72,000 ரூபாய், அதாவது மாதம் 6,000. புத்தகம், யூனிஃபார்ம், ஷூ வருடம் 12,000, மாதக் கணக்கில் 1,000. பள்ளி வேன் மாதம் 1,800 வீதம் பத்து மாதம், பன்னிரண்டால் வகுத்தால் 1,500. அம்மா ஆபீஸிலிருந்து வரும் வரை டே-கேர் 4,500. சாப்பாடு, பால், ஸ்நாக்ஸ் 5,000. மருத்துவம், காப்பீடு 1,000. பரதநாட்டிய வகுப்பு 1,500. தீபாவளி, பிறந்தநாள், மற்ற உடைகள் வருடம் 12,000, மாதம் 1,000. கரன்ட் பில் போன்றவற்றில் குழந்தையின் பங்காக 500.

பலரும் விட்டுவிடும் ஒன்று வாடகை. "அவளும்தானே அந்த வீட்டுல இருக்கா, அதுக்கு நான் ஏன் தரணும்?" என்ற கேள்வி வரும். பதில் எளிது. அம்மா தனியாக இருந்தால் 12,000 ரூபாய்க்கு ஒரு பெட்ரூம் வீடு போதும். குழந்தைக்காக, அதுவும் பள்ளிக்குப் பக்கத்தில், 17,000 ரூபாய் வீட்டில் இருக்கிறார். இந்த 5,000 ரூபாய் வித்தியாசம் குழந்தையின் செலவு.

எல்லாம் கூட்டினால் மாதம் 27,000 ரூபாய். முதல் தடவை இந்த லிஸ்ட்டைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஃபீஸ் கட்டியதை மட்டுமே செலவு என்று நினைத்திருந்த அப்பாவுக்கும் சரி, ஒவ்வொரு மாதமும் ஏன் பற்றாக்குறை என்று புரியாமல் இருந்த அம்மாவுக்கும் சரி. வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதத் தொகையில் சேர்ப்பது இதில் முக்கியம். இல்லையென்றால் ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும்போது புதிதாக ஒரு யுத்தம் நடக்கும்.

யார் பங்கு எவ்வளவு?

இப்போது சம்பளத்துக்கு வரலாம். அப்பாவின் கைக்கு வருவது 80,000, அம்மாவுக்கு 40,000 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2:1. அப்படியானால் 27,000 ரூபாயில் அப்பாவின் பங்கு 18,000, அம்மாவின் பங்கு 9,000. இருவருமே தங்கள் வருமானத்தில் 22.5 சதவீதத்தைக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். பள்ளிக் கட்டணத்தை அப்பாவே நேரடியாகக் கட்டிவிடுகிறார் என்றால், அந்த 6,000 ரூபாயைக் கழித்து மீதி 12,000 ரூபாயை அம்மாவின் கணக்குக்கு அனுப்பினால் சரியாகிவிடும். 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், இரண்டு பேரும் சம்பாதிக்கும்போது குழந்தைகளின் செலவை இதே 2:1 விகிதத்தில் பகிரச் சொல்லியிருக்கிறது.

கணக்கில் சமமாகத் தெரிவது வாழ்க்கையிலும் சமமா என்றால், இல்லை. ராத்திரி காய்ச்சல் வந்தால் விழித்திருப்பது, பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு லீவு போடுவது, குழந்தை இருப்பதால் வேறு ஊர் புரமோஷனை வேண்டாம் என்று சொல்வது, இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. எனவே 18,000 ரூபாயை அப்பா செய்யும் தாராளம் என்று நினைக்க இடமில்லை. அது குறைந்தபட்ச நியாயம். அதேபோல, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை வெளியே கூட்டிப்போய் பீட்சா வாங்கித் தந்ததை இதிலிருந்து கழிப்பதும் சரியாக வராது. குழந்தை இரண்டு நாள் அப்பா வீட்டில் இருந்தாலும் வாடகையோ வேன் கட்டணமோ குறைவதில்லை. பாதி மாதம் அங்கே, பாதி மாதம் இங்கே என்று உண்மையிலேயே வளர்த்தால் கணக்கை வேறு மாதிரி போட வேண்டும்.

குழந்தை அப்பாவிடம் வளர்ந்தால்? இதே கணக்கை அப்படியே திருப்பிப் போட வேண்டியதுதான். 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவு, பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமையைத் தந்தை, தாய் இருவர் மீதும் வைக்கிறது.

அம்மாவுக்கு வேலை இல்லையென்றால்? அப்பாவுக்கே வருமானம் குறைவு என்றால்?

அம்மாவுக்கு வருமானம் இல்லாதபோது 27,000 ரூபாயும் அப்பாவின் மேல்தான் வரும். அதோடு அம்மாவுக்கான ஜீவனாம்சம் தனி. இங்கே டெல்லி உயர் நீதிமன்றம் 2004-ல் ஒரு வழக்கில் பயன்படுத்திய முறை உதவும். குடும்ப வருமானத்தை ஒரு கேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பாதிப்பவருக்கு வேலை சார்ந்த கூடுதல் செலவு இருப்பதால் இரண்டு துண்டு, மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. 80,000 ரூபாயை நான்காகப் பிரித்தால் அப்பாவுக்கு 40,000, அம்மாவுக்கு 20,000, குழந்தைக்கு 20,000. எல்லா நீதிமன்றமும் இதைப் பின்பற்றியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் லிஸ்ட் போட்டு வந்த தொகை நடைமுறைக்கு ஒத்துவருமா என்று சரிபார்க்க நல்ல அளவுகோல். லிஸ்ட்டில் 27,000 வந்தும் குழந்தையின் துண்டு 20,000-தான் என்றால், ஏதோ ஒரு செலவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று இருவருக்கும் புரியும்.

மாதம் 18,000 ரூபாய் சம்பாதிக்கும் ஆட்டோ ஓட்டுநரிடம் 27,000 ரூபாய் லிஸ்ட்டை நீட்டி எந்தப் பயனும் இல்லை. அங்கே வருமானம்தான் எல்லை போடும். கேக் கணக்குப்படி குழந்தைக்கு 4,500. பள்ளி, வீடு எல்லாமே அதற்குள் யோசிக்கப்பட வேண்டும். கேட்கக் கஷ்டமாக இருந்தாலும், கட்ட முடியாத தொகைக்கு உத்தரவு வாங்கி, இரண்டு மாதம் வந்து மூன்றாவது மாதம் நின்றுபோவதைவிட, குறைவாக இருந்தாலும் மாதாமாதம் வந்து சேருவதுதான் குழந்தைக்குப் பயன்படும்.

இதைச் சொன்னதும், "எனக்கு வேலையே இல்ல" என்ற பதிலும் உடனே வரலாம். 2022-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு நேரடியாகவே பதில் சொன்னது. உடல் வலுவுள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவியையும் குழந்தைகளையும் காப்பாற்ற வேண்டும்.

'கையில் வருவதே இவ்வளவுதான்'

மொத்தக் கணக்கும் உடைவது இந்த இடத்தில்தான். சம்பளம் 1,10,000. ஆனால் பே-ஸ்லிப்பில் நிகரத் தொகை 55,000. நடுவில் கார் லோன், பர்சனல் லோன், ஆபீஸ் சொசைட்டி கடன், விருப்பப்பட்டுக் கூடுதலாகப் போடும் பி.எஃப். என்று வரிசையாக நிற்கும். வருமான வரி, கட்டாய பி.எஃப். போன்ற தவிர்க்க முடியாத பிடித்தங்களை மட்டும் கழித்துவிட்டு வருவதையே வருமானமாக எடுத்துக்கொள்வது நீதிமன்றங்களின் பொதுவான அணுகுமுறை. வழக்கு வந்த பிறகு அவசரமாக எடுத்த இஎம்ஐ-க்குக் குழந்தையின் தொகையில் இடமில்லை.

சம்பளக்காரரிடம் இது ஓரளவு சுலபம். கடை, ரியல் எஸ்டேட், ஃப்ரீலான்ஸ் என்றால் கஷ்டம். அதற்காகத்தான் ரஜ்னேஷ் தீர்ப்பு, பராமரிப்பு வழக்குகளில் இரண்டு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எதிர்த்தரப்பு அதிகபட்சம் நான்கு வாரத்துக்குள் பதிலோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டும். இடைக்காலத் தொகைக்கான மனுவை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சொன்னது. தொகை எப்போதிலிருந்து என்ற குழப்பத்துக்கும் அதே தீர்ப்பில் விடை இருக்கிறது: மனு தாக்கல் செய்த தேதியிலிருந்து. வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தடித்தால் பாக்கிதான் ஏறும்.

கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடிப்பவர்களும் இந்தப் பிரமாணப் பத்திரத்தின் மாதிரியை எடுத்து ஆளுக்கு ஒன்று நிரப்பிக்கொண்டு உட்காரலாம். பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஐந்து வருடம் கழித்து என்ன ஆகும்?

அந்த 27,000 ரூபாய் செலவு வருடத்துக்கு 8% கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்தாவது வருட முடிவில் சுமார் 39,700 ரூபாய் ஆகியிருக்கும். ஒப்பந்தத்தில் "மாதம் 18,000" என்று மட்டும் எழுதியிருந்தால் அப்பாவின் பங்கு அதே 18,000-தான். அம்மாவின் பங்கு 9,000-லிருந்து சுமார் 21,700-க்கு ஏறியிருக்கும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரே ஒரு வரி எழுதாமல் விட்டதால் 2:1 விகிதம் உடைந்து, அம்மாவின் பங்கு அப்பாவின் பங்கைவிட அதிகமாகிவிட்டது.

அதனால் தொகையோடு "ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதம் இத்தனை சதவீதம் உயரும்" என்ற வரியும் சேர வேண்டும். அறுவை சிகிச்சை போன்ற எதிர்பாராத பெரிய செலவுகளை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். எழுதாமல் விட்டுவிட்டவர்களுக்கும் வழி உண்டு. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்டு மனு போடலாம். வேலை போன அப்பாவுக்கும் இதுதான் வழி. சொல்லாமல் கொள்ளாமல் அனுப்புவதை நிறுத்தினால், பாக்கி அவர் பெயரில் ஏறிக்கொண்டே போகும்.

பேசி முடித்தது வெறும் பத்து ரூபாய் பேப்பரில் இருந்தால் மீறும்போது பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. சமரச மையம் வழியாகவோ குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்தோ உத்தரவாக மாற்றிக்கொண்டால்தான் பல் இருக்கும். "எனக்கும் பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம், விட்டா போதும்" என்று விவாகரத்தின்போது கோபத்தில் எழுதிக்கொடுத்த அம்மாக்களும் இருக்கிறார்கள். குழந்தையின் பராமரிப்பு குழந்தையின் உரிமை. அதை அம்மா எழுதிக்கொடுத்துவிட முடியாது.

"குழந்தையைக் காட்டல, அதனால காசு இல்ல"

அப்பாக்கள் தரப்பில் இது உண்மையான வலி. ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் காத்திருந்து, குழந்தை வராமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. அதேபோல் "பணம் வந்தாத்தான் பார்க்கலாம்" என்று சொல்லும் அம்மாக்களும் உண்டு. சட்டத்தின் பார்வையில் இவை இரண்டும் தனித்தனி விஷயங்கள். பார்க்கவிடவில்லை என்றால் அதற்கென்று மனு போடலாம், பணத்தை நிறுத்த முடியாது. பணம் வரவில்லை என்றால் வசூலுக்கு மனு போடலாம், குழந்தையை மறைக்க முடியாது.

பணம் வராதபோது கையில் இருக்கும் முக்கியமான வழி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு என்று எல்லோரும் சொன்னது இதைத்தான். எல்லா மதத்தினருக்கும் பொது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் பொருந்தும். அம்மா இப்போது வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். உத்தரவை மீறினால் வாரன்ட் பிறப்பித்து வசூலிக்கலாம், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். சிறைக்குப் போய் வந்துவிட்டால் கடன் தீர்ந்தது என்றும் அர்த்தமில்லை, பாக்கி அப்படியேதான் நிற்கும். இதில் ஒரு காலக்கெடு இருக்கிறது. வாரன்ட் மூலம் வசூலிக்க, தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டிருக்க வேண்டும். "பாவம், கொடுப்பாரு" என்று இரண்டு வருடம் காத்திருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து தயங்குபவர்களுக்கு: சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம்.

கொடுப்பவருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். கையில் காசாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்குக்கோ யுபிஐ வழியாகவோ அனுப்பி, குறிப்பில் "ஜூன் - பாப்பா செலவு" என்று ஒரு வரி போட்டால், நாளைக்கு "எதுவுமே தரல" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

18 வயதானதும்?

பொதுவாக 18 வயதோடு குழந்தைக்கான பராமரிப்பு முடிந்துவிடும். உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும் உண்டு. இந்து சட்டத்தின் கீழ், தன் வருமானத்தில் வாழ முடியாத மகளுக்குத் திருமணம் ஆகும் வரை கேட்கும் உரிமை இருக்கிறது. மகனுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. 18 வயதில் ஒரு பையன் ப்ளஸ் டூ முடித்தும் முடிக்காமலும் நிற்கிறான். செலவு உண்மையில் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2021-ல் ஒரு வழக்கில் இதைக் கவனித்து, மகன் 18 வயதைத் தொட்டுவிட்டான் என்பதற்காக முழுச் சுமையும் அம்மாவின் தலையில் விழக்கூடாது என்று சொல்லி, அவன் பட்டப்படிப்பு முடிக்கும் வரை அம்மாவுக்கு மாதாமாதம் தொகை வழங்க உத்தரவிட்டது. ஆனால் ஒவ்வொரு பையனுக்காகவும் உயர் நீதிமன்றம் வரை போக முடியாது. பிள்ளைக்கு ஏழு வயதாக இருக்கும்போதே, "முதல் பட்டப்படிப்பு முடியும் வரை இதே விகிதத்தில் பகிர்ந்துகொள்வோம்" என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் அந்த அலைச்சல் மிச்சம்.